பதினேழாம் அத்தியாயம்

இந்த ஊரில் படத்துக்கு இடைவேளை கிடையாது.
மூன்று மணி பத்து நிமிடம்
ஒரே மூச்சில் ஓட்டிவிட்டார்கள்.
ஔலுவில் அன்று மைனஸ் இருபத்திரண்டு.
பூட்ஸில் ஒட்டிவந்த பனி
இருக்கைக்கு அடியில் உருகி
சின்னக் குளமாய்க் கிடந்தது.

பக்கத்தில் வெய்க்கோ.
பனி வாரும் வண்டியில் என் இரவுப்பணித் தோழன்,
வாழ்நாளில் அவன் முழுதாய் வாசித்தது
அந்த வண்டியின் கையேடு ஒன்றைத்தான்.
"குதிரை பேசுதே, நல்லாத்தான் இருக்கு" என்றான்.

குதிரை பேசாது, வெய்க்கோ.
அறுநூற்று நாற்பது பக்கத்திலும்
அது பேசவே பேசாது.
அதனால்தான் ஏழு பேரும்
அதனிடம் மட்டும் உண்மை சொன்னார்கள்.

பதின்மூன்று வயதில்
நூலகப் பேருந்தில் எடுத்த புத்தகம்.
தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லி
ஸ்ட்ராபெரி பறித்த காசில் அபராதம் கட்டினேன்.
அட்டை கிழிந்தது, ஒட்டினேன்,
ஒட்டிய தாளும் கிழிந்தது.
பிரசவ அறைக்கு வந்தது.
பிறகு, வழக்கறிஞரின் வரவேற்பறைக்கும்.

ஓர்மியின் மூக்கு
மூன்று முறை உடைந்த மூக்கு.
தூங்கும்போது அதில் ஒரு விசில் வரும்,
கடைசியில் மூடுபனிக்குள்
அவள் அவனைக் கண்டுபிடிப்பதே
அந்த விசிலை வைத்துத்தான்.
படத்தில் அவனுக்கு
அடிக்கோல் வைத்து வரைந்த மூக்கு.
அதனால் வேறு வழியில்லாமல்
நூற்றுப் பத்து வயலின்கள் சேர்ந்து அழுது
அவளை அவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன.

அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பதினேழாம் அத்தியாயத்தில் ஒன்றும் நடக்காது.
மழை.
ஆட்டுக்கொட்டகையில் ஏழு பேர்.
மிச்சமிருக்கும் வெங்காயத்தை எண்ணுகிறார்கள்,
ஐந்து என்கிறாள் ஒருத்தி, நான்கு என்கிறான் இன்னொருவன்,
சண்டை வருகிறது, போகிறது.
ஓர்மி ஊசி கேட்கிறான்.
காலுறையின் குதிகாலைத் தைக்க நூல் இல்லை,
கொடியின் ஓரத்திலிருந்து
ஓர் இழை சிவப்பை உருவிக்கொள்கிறான்,
எந்தக் கொடிக்காகச் சாகக் கிளம்பினார்களோ
அந்தக் கொடியிலிருந்து.
யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.
மழை நிற்கிறது. அவ்வளவுதான்.

விவாகரத்தான வருடம்
அந்தப் பதினான்கு பக்கங்களில்தான்
குடியிருந்தேன்.

படத்தில்
ஆற்றைத் தாண்டினார்கள்,
அடுத்த வெட்டில் கோட்டை.

கோட்டைக்கு வெளியே தீ மூட்டி
யாரோ வீரவசனம் பேசினார்கள்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
குற்றம் பொறுக்க வந்தவள் நான்,
வசனத்தைக் கேட்கவில்லை,
திரையின் வலது ஓரத்தை மேய்ந்துகொண்டிருந்தேன்.

அங்கே ஒரு குச்சி.
குச்சியில் ஈரக் காலுறை ஒன்று.
சாம்பல் நிறம்.
குதிகாலில்
சிவப்பு நூல்.

ஒரு நொடி. ஒன்றரை இருக்கலாம்.
கேமரா அதைப் பார்க்கவே இல்லை.

பாதி எழுந்துவிட்டேன்.
பின்னாலிருந்தவர் ஏதோ முனகினார்.
"ஐலா, என்ன ஆச்சு?" என்றான் வெய்க்கோ.
சொல்ல வரவில்லை,
தொண்டையில் ஒரு முழு வெங்காயம்.

எங்கோ ஒரு தையல் கூடத்தில்
பெயர்ப் பட்டியலின் கடைசி மூலையில்
நகர்ந்து மறையும் யாரோ,
"அந்தக் காட்சி கிடையாது" என்று
சொல்லப்பட்ட பிறகும்
ஊசியில் சிவப்பைக் கோத்திருக்கிறார்.
இயக்குநருக்குத் தெரியுமோ என்னவோ.
அவரிடமும் அட்டை கிழிந்த பிரதி ஒன்று
இருக்கவேண்டும்.
அவரும் அங்கே
சில மாதம் வாடகைக்கு இருந்திருக்கவேண்டும்.

பெயர்கள் எல்லாம் ஓடி முடியும்வரை
உட்கார்ந்திருந்தேன்.
ஆடைப் பிரிவில் மட்டும் அறுபத்து மூன்று பேர்.
படித்து முடிப்பதற்குள் ஓடிவிட்டார்கள்.

விடிகாலை நான்கு மணிக்கு
துறைமுகச் சாலையில் பனி தள்ளினோம்.
வெகுநேரம் கழித்து வெய்க்கோ கேட்டான்:
"கடைசியில் எத்தனை வெங்காயம்தான் இருந்துச்சு?"
நான்கு என்றேன்.
ஐந்தாவதைக் குதிரை தின்றிருந்தது.

வியாழக்கிழமைக்கு இன்னொரு சீட்டு வாங்கியிருக்கிறேன்.
வலது ஓரம், மூன்றாம் வரிசை.
குதிரை வாயைத் திறக்கும்போது
காதைப் பொத்திக்கொள்வேன்.